40 மி.மீ. இறக்கலாமா? தண்டையார்பேட்டை போலோவுக்கு ஒரு விரிவான பதில்

தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் 2016 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ இருக்கிறது, 70 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. வாரநாளில் மணலிக்கு வேலைக்குப் போய் வருகிறார். நேரம் கிடைத்தால் ஏலகிரி, எப்போதாவது கொல்லிமலை. வளைவில் கார் ரொம்பச் சாய்கிறது என்பதால், காரின் உயரத்தை 40 மி.மீ. இறக்குகிற லோயரிங் ஸ்பிரிங் செட்டும், பின்பக்கத்துக்குச் சாய்வைத் தடுக்கிற கம்பியான ஒரு ஸ்வே பாரும் போடலாமா என்கிறார். ஷாக் அப்சார்பரை மாற்றாமல் சமாளிக்க முடியுமா என்பது கூடுதல் கேள்வி. மனைவி, குழந்தை, அம்மா எல்லோரும் போவது இதே காரில்தான்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம். பார் போடலாம் தம்பி. 40 மி.மீ. ஸ்பிரிங் வேண்டாம். ஷாக்கை மாற்றாமல் எந்த லோயரிங் ஸ்பிரிங்கும் வேண்டாம். நம்ம ஏரியாவில் ஓடுகிற காருக்கு, சக்கரம் மேலே ஏறி இறங்க இருக்கிற இடம்தான் பெரிய சொத்து. அதை விற்று அழகு வாங்காதீர்கள்.

இப்போது காரணம். கார் சாய்வது வேறு, டயர் பிடிப்பு இழப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நிறைய பேர் தேவையில்லாத சாமானுக்குக் காசு கொடுக்கிறார்கள். வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களில் இருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சுமை போகும். எவ்வளவு போகும் என்பது காரின் எடை, எவ்வளவு வேகமாக வளைகிறோம், காரின் ஈர்ப்பு மையம் தரையில் இருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடது வலது சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு அகலம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஸ்பிரிங் எவ்வளவு கெட்டி, பார் எவ்வளவு தடிமன் என்பது இந்த மொத்தத் தொகையைப் பெரிதாக மாற்றாது. அந்தத் தொகையை முன் அச்சும் பின் அச்சும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதைத்தான் மாற்றும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து கார் 1,250 கிலோ, ஈர்ப்பு மைய உயரம் 540 மி.மீ., அகலம் 1,460 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 0.8 ஜி (புவியீர்ப்பு விசையில் 0.8 பங்கு) அளவுக்கு வளைத்தால், அது ரோட்டில் ஓட்டுகிற யாருக்கும் கடுமையான வளைவுதான், சுமார் 370 கிலோ வெளிப்பக்கம் போகும். காரை 40 மி.மீ. இறக்கினால் அது 342 கிலோ ஆகும். குறைவது 28 கிலோ. சக்கரம், பிரேக் இதெல்லாம் காரோடு சேர்ந்து இறங்காது என்பதால் உண்மையில் இதைவிடவும் குறைவு. அதாவது காரை இறக்குவதால் மட்டும் கிடைக்கிற லாபம் 7 சதவீதத்துக்குள். நல்ல டயர் மாற்றினாலே இதைவிட அதிகம் கிடைக்கும்.

இறக்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. போலோவின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு. வண்டியை இறக்கும்போது, சக்கரத்தைக் கீழே பாடியோடு இணைக்கிற லோயர் ஆர்மின் வெளி முனை, அதாவது பால் ஜாயிண்ட் இருக்கிற பக்கம், காரோடு ஒப்பிட்டால் மேலே ஏறுகிறது. கம்பெனி உயரத்தில் கிட்டத்தட்ட மட்டமாக இருக்கும் ஆர்ம், வெளிப்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படி ஆகும்போது ரோல் சென்டர் என்று சொல்கிறார்களே, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரம்தான் காரைச் சாய்க்கிற நெம்புகோல். அந்தத் தூரம் கூடிவிடுகிறது. கெட்டி ஸ்பிரிங் தடுக்கிற சாய்வில் ஒரு பங்கை இது தின்றுவிடும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடின் கோணமும் மாறுவதால், பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது நாம் திருப்பாமலே கார் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுக்கும். இதைச் சரிசெய்ய நீளம் கூடிய பால் ஜாயிண்ட் என்று தனியாக ஒரு சாமான் விற்கிறார்கள். ஒரு மாற்றம் இன்னொரு மாற்றத்தைக் கேட்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, பார் என்ன செய்கிறது? நம்ம மெக்கானிக்குகள் ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். இரண்டு பக்கமும் கை மடக்கிய ஒரு ஸ்டீல் கம்பி. இரண்டு சக்கரமும் ஒன்றாக மேலே ஏறினால் அது புஷ்ஷுக்குள், அதாவது அதைப் பிடித்திருக்கிற ரப்பர் வளையத்துக்குள், சும்மா சுழலும், எதிர்ப்பே காட்டாது. ஒரு சக்கரம் ஏறி இன்னொன்று இறங்கினால்தான், ஈரத் துண்டைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். கார் சாயும்போது நடப்பது அதுதான். ஆக, நேராக ஏறி இறங்குகிற வேகத்தடையில் பார் இருப்பதே தெரியாது. வளைவில் மட்டும் வேலை செய்யும். தரை இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாமல் சாய்வு மட்டும் குறைகிறது. உங்கள் புகார் சாய்வு பற்றியது என்றால், அதற்கு நேரான மருந்து இது.

தடிமன் விஷயத்தில் கவனம் வேண்டும். பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 மி.மீ. கம்பியை 22 ஆக்கினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். அதனால் கடைக்காரர் "இன்னும் ரெண்டு மில்லி தடிமனா தர்றேன்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். குழாய் வடிவ பாரைப் பார்த்து உள்ளே காலி என்று ஏமாந்துபோகவும் வேண்டாம். உள்விட்டம் வெளிவிட்டத்தில் பாதி இருந்தால், விறைப்பில் 6 சதவீதம் சொச்சம்தான் போகும், எடையோ கால்வாசி குறையும். முறுக்கைத் தாங்குவது வெளி ஓரத்தில் இருக்கிற உலோகம்தான்.

முன்பக்கமா பின்பக்கமா என்பதில் நீங்கள் சரியாகத்தான் யோசித்திருக்கிறீர்கள். போலோவுக்கு முன்பக்கம் கம்பெனியே ஒரு பார் கொடுத்திருக்கிறது. என்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னால், இழுப்பதும் முன் சக்கரம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவிலும் உங்களுக்கு ஒரே அனுபவம்தான் கிடைத்திருக்கும்: ஸ்டீயரிங்கை ஒடித்த பிறகும் மூக்கு வெளிப்பக்கமே தள்ளும், வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் உள்பக்க முன் சக்கரம் சும்மா சுழலும். அந்த என்ஜினின் 175 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் பலம், அந்த ஒற்றைச் சக்கரத்தில் வீணாகப் போகிறது. முன்பக்க பாரை இன்னும் தடிமனாக்கினால் உள்பக்கச் சக்கரத்தின் சுமை மேலும் குறையும், சுழல்வது கூடும். பின்பக்கத்தை விறைப்பாக்கினால், சாய்வைத் தாங்குகிற வேலையில் பெரிய பங்கைப் பின் அச்சு எடுத்துக்கொள்ளும். முன் சக்கரங்கள் இரண்டும் தரையை இன்னும் சமமாக அழுத்தும், மூக்கு உள்ளே வரும்.

போலோவின் பின்பக்கம் டார்ஷன் பீம், இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கிற அமைப்பு. அந்தக் குறுக்கு பீமே ஒரு பார் மாதிரி முறுக்கைத் தாங்குகிற சாமான்தான். அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டுகிற பார் அந்த முறுக்கு விறைப்பைக் கூட்டுகிறது. துளை வைத்து விறைப்பை மாற்றுகிற வகை கிடைத்தால் வாங்குங்கள். பாரின் கை நுனிக்குப் பக்கத்தில் இருக்கிற துளை மென்மையானது, உள்ளே வர வர விறைப்பு. முதல் மழைக்காலம் முழுக்க மென்மையான துளையிலேயே ஓட்டுங்கள். காரணம் இருக்கிறது. பின்பக்கம் விறைப்பான கார், ஈர ரோட்டில் இறங்கும்போது வளைவின் நடுவில் சட்டென்று ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், பின்பக்கம் வழுக்கிச் சுற்றப் பார்க்கும். உங்கள் காரில் இஎஸ்பி, அதாவது வழுக்கும்போது தானாகவே பிரேக் பிடித்துக் காரை நேராக்குகிற வசதி, இருக்கிறது, அது ஓரளவு காப்பாற்றும். ஆனால் பின் டயர் தேய்ந்திருந்தால் அதுவும் திணறும். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்னால் போடுங்கள். முன் சக்கரம் இழுக்கிற கார் என்பதால் முன்னால்தான் போட வேண்டும் என்று பஞ்சர் கடையில் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

பாரில் குறையே இல்லையா என்றால், உண்டு. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது அந்த அதிர்ச்சி அடுத்த பக்கத்துக்கும் போகும். கொருக்குப்பேட்டை உள்தெருக்களில் தலை இடமும் வலமும் ஆடும். பின் சீட்டில் உட்காரும் அம்மாதான் அதை முதலில் சொல்வார். அதனால்தான் மென்மையான துளை.

அடுத்து ஸ்பிரிங்குக்கு வருகிறேன். இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் பார்க்க வேண்டும். பின் சக்கரம் கம்பெனி உயரத்தில் இருந்து அதற்கு மேல் ஏறாமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொடும் வரை 80 மி.மீ. மேலே ஏற இடம் இருக்கிறது என்றும், ஒவ்வொரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 20 நியூட்டன் வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். புரிந்துகொள்ளத்தான் இந்த எண்கள், உங்கள் காரில் நீங்களே அளக்க வேண்டும், எப்படி என்று கீழே சொல்கிறேன். பின் அச்சின் மேல் ஆட்களும் பையுமாக 200 கிலோ ஏறினால் இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து 50 மி.மீ. அமுங்கும். மீதி 30 மி.மீ. அதை வைத்துத்தான் கம்பெனி கார் பள்ளத்தைத் தாண்டுகிறது.

இப்போது 40 மி.மீ. இறக்குகிற, 30 சதவீதம் கெட்டியான ஸ்பிரிங்கைப் போடுங்கள். தொடக்கத்திலேயே 80 என்பது 40 ஆகிவிட்டது. அதே 200 கிலோவுக்கு இந்த ஸ்பிரிங் 38 மி.மீ. அமுங்கும். மீதி 2 மி.மீ. குடும்பத்தோடு கிளம்பினால் கார் ஸ்பிரிங்கில் ஓடவில்லை, ரப்பர் கட்டையில் ஓடுகிறது. ஒவ்வொரு பள்ளமும் ஷாக்கின் தலைக்கும் பாடிக்கும் நேராகப் போய் இடிக்கும். வளைவில் ஒரு பக்கம் ரப்பரைத் தொட்டதும் அந்த மூலை திடீரென்று கல் மாதிரி விறைத்துவிடும், அது பின்பக்கமாக இருந்தால் கார் சுற்றப் பார்க்கும். பிடிப்புக்காகப் போட்ட ஸ்பிரிங், பிடிப்பு வேண்டிய நேரத்தில் அதைக் கெடுக்கிறது.

உங்கள் காரில் உண்மையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க இரண்டு ரூபாய் கேபிள் டை போதும். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள், காரின் அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். ஷாக்கைச் சுற்றியுள்ள ரப்பர் உறையை மேலே தள்ளினால் பளபளவென்று ராடு தெரியும். அதில் ஒரு மெல்லிய கேபிள் டையைச் சுற்றி, கையால் தள்ளினால் நகரும் அளவுக்கு இறுக்கி, ஷாக்கின் உடலைத் தொடும் வரை கீழே இறக்கிவிடுங்கள். வாலை ஒட்ட நறுக்கிவிடுங்கள், முனை ராடில் உரசக் கூடாது. பின்னாலும் அப்படியே. உறையை மூடி, காரை இறக்கி, வழக்கமான மணலி ரூட்டில் ஒரு தடவையும், வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு தடவையும் போய் வாருங்கள். ராடு உள்ளே போன தூரம் வரை கேபிள் டை மேலே தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். அதற்கு மேல் பம்ப் ஸ்டாப் வரை எவ்வளவு ராடு சுத்தமாக மிச்சம் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கம்பெனி உயரத்திலேயே கேபிள் டை ரப்பரில் போய் முட்டியிருந்தால் லோயரிங் பேச்சே வேண்டாம்.

காரின் அடிப்பக்கம் இடிபடுவதற்கு வருவோம். காலி போலோவின் தரை இடைவெளி சுமார் 165 மி.மீ. இந்திய சாலைக் காங்கிரஸ் 1988ல் வகுத்த வேகத்தடை அளவு என்ன தெரியுமா? 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. மணிக்கு 25 கிலோமீட்டரில் தாண்டலாம். போலோவின் முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.47 மீட்டர். அந்த அளவில் கட்டிய தடையின் மேல் கார் முழுதாக ஏறி நிற்கும்போது, வயிற்றுக்கு நடுவே தடை துருத்துவது வெறும் 45 மி.மீ.தான். 40 இறக்கிய காருக்கும் 80 மி.மீ. மிச்சம் இருக்கும். அப்படிப்பட்ட தடைகள் மட்டும் இருந்தால் நான் இவ்வளவு தூரம் பேசவே மாட்டேன். ஆனால் வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் தெருவுக்குத் தெரு இருப்பது ராத்திரியோடு ராத்திரியாக சிமெண்ட் கொட்டிக் கட்டியது. ஒன்றரை அடி அகலம், 12, 15 சென்டிமீட்டர் உயரம். அது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் அப்படியே நிற்கும், அதன் முழு உயரமும் வயிற்றுக்கு வரும். 165ல் 150 போனால் 15 மி.மீ. மிச்சம். 40 இறக்கியிருந்தால் இடிப்பது உறுதி, அதுவும் காலி காரிலேயே.

உங்கள் வேலை ரூட் இன்னொரு விதத்தில் மோசம். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஓடுகிற எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலிப் பக்கத்து ரோடுகளிலும், லாரிச் சக்கரம் போகும் தடம் பள்ளமாக அமுங்கி, நடுவில் தார் மேடாக எழும்பியிருக்கும். ரோட்டுச் சேதமும் அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் ஏறும் என்பது சாலைப் பொறியாளர்களின் கணக்கு. அச்சுச் சுமை இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. அதனால்தான் புது ரோடு போட்டாலும் அந்தத் தடம் சீக்கிரமே திரும்பி வந்துவிடுகிறது. நம்ம கார் அந்த இரண்டு தடத்தில் சக்கரத்தை வைத்து ஓடும்போது நடு மேடு என்ஜினின் அடியில் இருக்கிற ஆயில் சேம்பருக்கு நேர் கீழே வரும். இறக்கிய காரில் அடியில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இறக்கும்போது முன் சக்கரங்கள் உள்பக்கம் சாய்ந்து நிற்கும், அதோடு அகலமான டயரும் போட்டிருந்தால் ஸ்டீயரிங் அந்தத் தடத்தின் சொல்பேச்சைத்தான் கேட்கும்.

தாழ்வான கார் எங்கே பொருந்தும் என்பதற்கும் நம்ம பக்கத்திலேயே சாட்சி உண்டு. செங்குன்றம் தாண்டி சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில்தான், இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990ல் வரும்வரை கார் ரேஸ் நடந்தது. தாழ்வான கார்களுக்கு அந்த மாதிரிச் சமதளம் வேண்டும்.

ஷாக் அப்சார்பர் விஷயத்தில் சமாளிக்க முடியாது தம்பி. அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தை அடக்குவது ஷாக்கின் வேலை. ஸ்பிரிங் 30 சதவீதம் கெட்டியானால், கார் ஆடும் வேகம் அதன் வர்க்கமூலத்தில், அதாவது 14 சதவீதம் கூடும். அதை அடக்கத் தேவையான பலமும் அதே அளவு கூடும். உங்கள் ஷாக்கோ 70 ஆயிரம் கிலோமீட்டர் நம்ம ரோட்டில் அடிவாங்கியது, புதிதாக இருந்தபோது இருந்த பலமே இப்போது இருக்காது. பழைய ஷாக், புதுக் கெட்டி ஸ்பிரிங் என்ற கூட்டணியில் கார் வேகமாகவும் போகாது, நிம்மதியாகவும் போகாது. துள்ளிக்கொண்டே போகும், துள்ளுகிற டயருக்குப் பிடிப்பு கிடையாது. இறக்கிய காருக்கென்றே உடலைக் குட்டையாக்கிச் செய்கிற ஷாக்குகள் உண்டு, பில்ஸ்டைன் பி8 அப்படிப்பட்டது. அதே கம்பெனியின் பி6 கம்பெனி உயரத்துக்கானது. உங்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டாவது வகை: கம்பெனி ஸ்பிரிங், அதைவிடக் கொஞ்சம் பலமான நல்ல ஷாக். சாய்வின் மொத்த அளவை ஷாக் குறைக்காது, ஆனால் சாயும் வேகத்தைக் குறைக்கும். ஓட்டுகிறவருக்குப் பயம் தருவது பெரும்பாலும் அந்த வேகம்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளி உங்கள் கண்ணை உறுத்துகிறது என்றால், 15 முதல் 20 மி.மீ. வரை இறக்குகிற ஸ்பிரிங், அதற்கேற்ற குட்டை ஷாக்கோடு சேர்த்து ஒரே செட்டாக. அதுதான் எல்லை. வேலை முடிந்ததும் ஹெட்லைட் குறியையும் பார்க்கச் சொல்லுங்கள், கார் உயரம் மாறினால் வெளிச்சம் விழுகிற இடமும் மாறும்.

ஸ்பிரிங்கை வெட்டுவது, காஸ் கட்டரில் சூடு காட்டி உட்கார வைப்பது, இரண்டும் கூடவே கூடாது. 6 சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும், வெட்டிய முனை கிண்ணத்தில் சரியாக உட்காராது, சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறிவிடலாம். சூடு காட்டினால் ஸ்டீலின் பதம் போய்விடும், அப்புறம் அது எப்போது உடையும் என்று யாரும் சொல்ல முடியாது. புதுப்பேட்டையில் கழற்றிய செட் மலிவாகக் கிடைக்கும். பார் வாங்கலாம், வளைவு நெளிவு துரு பார்த்து. ஸ்பிரிங்கும் ஷாக்கும் பழசாக வாங்காதீர்கள்.

துரு என்றதும் நம்ம ஊர்க் காற்று ஞாபகம் வருகிறது. ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டியே ரோடு. காசிமேட்டில் மீன் வண்டியில் இருந்து ஒழுகுகிற உப்பு ஐஸ் தண்ணீர் வேறு. ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்று கிண்ணத்தில் உட்காரும் இடத்தில் மணலும் உப்பும் தங்கி, பெயிண்டை உரசி எடுத்துவிடும். அங்கே ஊசிமுனை அளவு துருக்குழி விழும். ஒவ்வொரு முறை ஸ்பிரிங் அமுங்கும்போதும் அழுத்தம் முழுக்க அந்தக் குழியில்தான் குவியும், அங்கிருந்து விரிசல் ஓடும். காயில் ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் இந்தக் கீழ்ச் சுற்றில்தான். தண்ணீர் சர்வீஸுக்கு விடும்போது காரை லிஃப்டில் ஏற்றி, அந்தக் கிண்ணத்துக்குள் பைப்பை விட்டு நல்ல தண்ணீரில் அடிக்கச் சொல்லுங்கள். மேலே மெழுகு பாலிஷ் போடுவதைவிட இது முக்கியம். பாரோடு வருகிற புஷ் பாலியூரிதேனாக இருந்தால், மணல் ஏறியதும் கீச் கீச்சென்று சத்தம் போடும், சிலிகான் கிரீஸை அவ்வப்போது வைக்க வேண்டும்.

மாட்டுகிற நாளில் பக்கத்தில் நில்லுங்கள். ஒரே ஒரு விஷயத்தைக் கண்ணால் பாருங்கள், அது லோயர் ஆர்ம் போல்ட்டும் பின் பீம் போல்ட்டும் எப்போது இறுக்கப்படுகிறது என்பது. கார் லிஃப்டில் தொங்கும்போது சக்கரங்கள் கீழே தொங்கி நிற்கும். அந்த நிலையில் ஏர் கன்னை வைத்து டர்ரென்று இறுக்கிவிட்டால், புஷ் ரப்பரின் உள் குழாய் அந்தக் கோணத்திலேயே பூட்டிக்கொள்ளும். காரைக் கீழே இறக்கியதும் ஆர்ம் மேலே வரும், ரப்பர் முறுக்கிய நிலையிலேயே எப்போதும் இருக்கும். கொஞ்ச நாளில் கிழிந்துவிடும், கடக் கடக் சத்தம் வரும், பழியை ஸ்பிரிங்மேல் போடுவார்கள். சரியான முறை, போல்ட்டைக் கையால் முடுக்கி விட்டு, நாலு சக்கரத்திலும் எடை உட்கார்ந்த பிறகு, காரை இரண்டு முறை அழுத்திவிட்டு, டார்க் ரெஞ்சில் இறுக்குவது. பாரின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கிற ஸ்டெபிலைசர் லிங்க் ராடை இறுக்கும்போதும் இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பார் முறுக்கிக்கொண்டே உட்காரும். ஸ்ட்ரட்டைக் கழற்றுகிறபோது மேலே இருக்கிற ஸ்ட்ரட் மவுண்டையும் பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். 70 ஆயிரத்துக்கு மேல் ஓடிய சாமானைத் திரும்பப் பூட்டினால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க நேரும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு காரை மாற்றி அமைப்பது பற்றியது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்சி புத்தகத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. இரண்டும் சேர்ந்தும் வரலாம். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இறக்கிய கார்தான் முதலில் மாட்டும். எதைப் போட்டாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்து, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு சர்வேயர் அடியில் குனிந்து பார்த்துச் சொல்வதைவிட, முன்னாடியே நீங்கள் சொல்லியிருப்பது நல்லது.

ஆக, என் யோசனை இது. முதலில் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, பால் ஜாயிண்ட், பின் பீம் புஷ் நான்கையும் பாருங்கள். இந்த வயதில் இவற்றில் ஒன்றாவது போயிருக்கும், நீங்கள் சாய்வு என்று உணர்வதில் ஒரு பங்கு அந்தத் தளர்ச்சியாகக்கூட இருக்கலாம். அதோடு ஷாக், டயர். அப்புறம் அலைன்மெண்ட். இந்த நிலையில் ஒரு தடவை ஏலகிரி போய் வாருங்கள். அப்போதும் மூக்கு வெளியே தள்ளினால் பின்பக்க பார்.

பாரை ஆர்டர் போடும் முன் மூன்று எண்கள் எனக்கு வேண்டும். கேபிள் டைக்கு மேல் நாலு ஷாக்கிலும் மிச்சம் இருக்கிற ராடு எத்தனை மில்லிமீட்டர், சக்கர நடுவில் இருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு மூலையிலும் உயரம் எவ்வளவு, அலைன்மெண்ட் ரிப்போர்ட்டில் பின் சக்கரத்தின் டோ, அதாவது சக்கரம் நேராகப் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு, எவ்வளவு. டார்ஷன் பீமில் பின் டோவைத் திருகி மாற்ற முடியாது, அது தவறாக இருந்தால் பீம் வளைந்திருக்கிறது என்று அர்த்தம், அதன்மேல் பார் பூட்டுவதில் பிரயோஜனம் இல்லை. எண்களை அனுப்புங்கள், எந்தத் தடிமன் என்று பார்த்துச் சொல்கிறேன்.